எட்டு எண்ணிய பிறகு

டேக்வாண்டோ சம்மேளனத்தின் மாதச் செய்தியை எழுதுகிறவளை எல்லோரும் பல்லக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். பெற்றவர்கள் வைத்த பெயர் வேறு. பல் மருத்துவர்களுக்குச் செயற்கைப் பல் செய்து கொடுக்கும் கூடத்தில் அவளுக்கு வேலை. பல் அக்கா நாளடைவில் பல்லக்காவாகிவிட்டாள். "பல்லக்குல ஏறக் கொடுத்து வைக்கல, பல்லக்காவாவது ஆனேனே" என்று அவளே சொல்லிச் சிரிப்பாள்.

பகலெல்லாம் மெழுகும் பிளாஸ்டர் தூளுமாக, முகம் தெரியாத யாரோ ஒருவருடைய வாய்க்குப் பொருந்துகிற மாதிரி பல்வரிசையைச் செதுக்கிக் கொண்டிருப்பாள். வேலை முடிந்து வந்தபின், அந்தக் கொரியச் சண்டைக் கலையைப் பயிலும் சங்கங்கள் அனுப்பும் தகவல்களைத் திரட்டுவாள். எந்தப் பயிற்சிக் கூடத்தில் என்றைக்குப் பெல்ட் தேர்வு, யார் புதிதாகக் கறுப்புப் பெல்ட் கட்டியிருக்கிறார், கொரியாவிலிருந்து வருகிற மாஸ்டர் எங்கே முகாம் நடத்துகிறார், யாருக்குக் கல்யாணம், யாருக்குக் குழந்தை, யார் காலமானார். மாதத்தின் முதல் வாரத்தில் அது எல்லோருடைய கைபேசிக்கும் போய்ச் சேரும். சனங்கள் முதலில் கல்யாணத்தையும் சாவையும் படிப்பார்கள். அப்புறம்தான் பெல்ட் தேர்வு.

அவள் பொய் எழுத மாட்டாள் என்று ஒரு பேர் இருந்தது. தன் மாணவர்கள் அபார வெற்றி பெற்றதாகப் போடச் சொல்லி ஒரு கூடத்துக்காரர் கேட்டால், ஜெயித்தது யார் யார் என்று திருப்பிக் கேட்பாள். அவர் மென்று விழுங்கினால், "உற்சாகமாகப் பங்கேற்றனர்" என்று எழுதிவிடுவாள். அப்படி எழுதியிருந்தால் ஒருவரும் ஜெயிக்கவில்லை என்று ஊருக்கே தெரியும்.

அவள் கணவர் லிஃப்ட் பழுது பார்க்கிறவர். போட்டி நாட்களில் நடுவர். தன் கூடத்துப் பிள்ளை, அடுத்த கூடத்துப் பிள்ளை என்று பார்க்கமாட்டார். அழுதாலும் கெஞ்சினாலும் கொடுத்த புள்ளியைக் கூட்டவும் மாட்டார், குறைக்கவும் மாட்டார். அதனால் அவருக்குத் தராசு என்று பேர் வந்தது. அந்தப் பேரில் அவருக்கு உள்ளூரப் பெருமை உண்டு. வெளியே காட்டிக்கொள்ள மாட்டார்.

ஓர் ஆண்டுப் போட்டியில்தான் அது நடந்தது.

இறுதி ஆட்டத்தில் ஒரு தச்சரும் ஒரு லாரி ஓட்டுநரும் மோதினார்கள். தச்சர் வேறு கூடத்தைச் சேர்ந்தவர்தான் என்றாலும் இவர்களுக்குப் பழக்கம். இவர்கள் வீட்டுச் சமையலறை அலமாரி அவர் செய்ததுதான். முப்பதைத் தாண்டியவர். வாயைத் திறந்தால் கேலியும் கிண்டலும்தான் வரும். அவர் இருக்கும் இடத்தில் சிரிப்புக்குப் பஞ்சம் கிடையாது.

மூன்றாவது சுற்றில் ஓட்டுநரின் கால் தச்சரின் காதுக்கு மேலே விழுந்தது. தலைக்கவசம் இருந்தும் அவர் சரிந்து உட்கார்ந்துவிட்டார். தராசு "கல்யோ" என்று ஆட்டத்தை நிறுத்தி, கொரிய மொழியில் எண்ண ஆரம்பித்தார். விழுந்தவர் எட்டு எண்ணி முடிப்பதற்குள் எழுந்து, தயார் என்று இரண்டு கைகளையும் உயர்த்தினால் ஆட்டம் தொடரும். அதுதான் விதி. தச்சர் எழுந்தார். கைகளை உயர்த்தினார். ஏதோ சொன்னார். தராசு அவர் முகத்தை உற்றுப் பார்த்துவிட்டு "கெசொக்" என்றார். தொடரலாம் என்று அர்த்தம்.

அடுத்து விழுந்த உதை பெரிய உதைகூட இல்லை. ஆனால் தச்சர் வெட்டுண்ட மரம்போல விழுந்தார். தலைக்குள்ளே ரத்தம் கசிந்திருந்தது. மண்டையைத் திறந்து அறுவை செய்தார்கள். உயிர் பிழைத்தது. வலது கையும் வலது காலும் நாக்கும் பழையபடி திரும்பவில்லை.

அந்த மாதச் செய்திக்குச் சம்மேளனத் தலைவர் இரண்டே வரி கொடுத்தார். அவர் மருந்துக்கடை வைத்திருப்பவர். எதையும் அளந்து பொட்டலம் கட்டிக் கொடுத்துப் பழகியவர். "காயமடைந்த வீரர் நலமுடன் தேறி வருகிறார். ஆட்டம் முழுவதும் விதிப்படியே நடத்தப்பட்டது." பல்லக்கா அந்த வாரம் முழுக்கக் கணவரையே கண்ணில் வைத்துப் பார்த்துக் கொண்டிருந்தாள். வேறெதிலும் புத்தி ஓடவில்லை. கொடுத்ததை அப்படியே போட்டுவிட்டாள்.

செய்தி போன மறுநாள் தச்சரின் மனைவி கூப்பிட்டாள். திரைச்சீலை தைத்துக் கொடுக்கிறவள், அதிகம் பேசாதவள்.

"அக்கா, நலமுடன் தேறி வர்றார்னு போட்டிருக்கீங்களே. யாரு வந்து பார்த்தது?"

பல்லக்கா கையிலிருந்த மெழுகைக் கீழே வைத்தாள்.

"ஒரு வாய் தண்ணி உள்ள போக மாட்டேங்குது அவருக்கு. என்னைக் கேட்டுட்டு எழுதியிருக்கலாம்ல?"

குரலில் கோபமே இல்லை. அதுதான் பல்லக்காவைச் சுட்டது. திட்டியிருந்தால் பதிலுக்கு அழுதாவது தீர்த்திருப்பாள். அடுத்த மாதச் செய்தியின் தலைப்பிலேயே, சென்ற மாதம் எழுதியது தவறு, அவர் இன்னும் தேறவில்லை என்று போட்டாள். முழுப் பூசணிக்காயைத் தோண்டி வெளியே போட்டுவிட்டாயே என்று தலைவர் குதித்தார். அவர் குதித்ததைப் பற்றி அவளுக்குக் கவலையில்லை. ஆனால் தச்சர் வீட்டுப் படியேறிப் போய்ப் பார்க்கத்தான் அவளுக்குத் துணிச்சல் வரவில்லை.

தராசு முதல் சில நாட்கள் ஆஸ்பத்திரிக்குப் போய்த் தீவிர சிகிச்சை அறைக்கு வெளியே நின்றார். தச்சரின் மைத்துனர் ஒரு நாள் அவரைப் பார்த்து, "எடை போடத் தெரிஞ்ச தராசுக்கு நிறுத்தத் தெரியலையே" என்றாராம். அதற்கப்புறம் அவர் போகவில்லை. லாரி ஓட்டுநர் மட்டும் வெளியூர் ஓட்டம் இல்லாத நாளெல்லாம் போய்வந்து கொண்டிருந்தார். அவர் கலையையே விட்டுவிட்டார்.

சம்மேளனம் விசாரணை வைத்தது. நடுவர் மேல் குற்றமில்லை என்று எழுதிக் கையெழுத்துப் போட்டது. குற்றமில்லை என்று சொன்னபின் ஒரு மனுஷன் நிம்மதியாக அல்லவா இருக்க வேண்டும்? தராசுக்கு அது நேர்மாறாகப் போயிற்று. வேலைக்குப் போவார், வருவார், தட்டில் போட்டதைச் சாப்பிடுவார். கூடத்துப் பக்கம் தலைவைத்துப் படுக்கவில்லை. நடுவர் உடுப்பு அலமாரியில் தொங்கிக் கொண்டிருந்தது. பல்லக்காவும் அவரைத் துருவிக் கேட்கவில்லை. கேட்டால் உடைந்துவிடுவாரோ என்று அவளுக்குப் பயம். உடையாமலே இருந்துவிடுவாரோ என்று இன்னொரு பயம்.

ஆண்டு திரும்பியது. அடுத்த போட்டிக்கான ஏற்பாடுகளைப் பேச நிர்வாகக் குழு மருந்துக்கடையின் பின்னறையில் கூடியது. அட்டைப் பெட்டிகளுக்கு நடுவே நாற்காலிகளைப் போட்டு உட்கார்ந்தார்கள். வரப்போகும் நிகழ்ச்சிகளைத் தலைவர் ஒவ்வொன்றாகச் சொல்லச் சொல்ல, பல்லக்கா கைபேசியில் குறித்துக் கொண்டாள். இளையோர் முகாம், நடுவர் பயிற்சி, ஆண்டுப் போட்டி. தலைமை நடுவராகத் தராசே இருக்க வேண்டும், அவர் ஒதுங்கியிருந்தால் சம்மேளனமே தப்பை ஒப்புக்கொண்ட மாதிரி ஆகிவிடும் என்றார். அப்புறம், போட்டி தொடங்குவதற்கு முன் தச்சரை மேடையில் ஏற்றிக் கேடயம் கொடுத்துக் கௌரவிக்க வேண்டும். பார்க்கிறவர்கள் மனசு நெகிழும்.

பல்லக்கா குறிப்பதை நிறுத்தினாள். அவர்களிடம் கேட்டாயிற்றா என்று கேட்டாள். கௌரவிக்கிறோம் என்றால் வேண்டாமென்றா சொல்லப் போகிறார்கள் என்றார் தலைவர்.

"கேட்டுட்டு வந்து எழுதறேன்" என்றாள் அவள். "போன தடவை கேக்காம எழுதினது போதும்."

தச்சரின் பட்டறை ஒரு குறுகலான தெருவில், மாடி வீட்டின் கீழ்த்தளத்தில் இருந்தது. ஷட்டரைப் பாதிவரை தூக்கி வைத்திருந்தார்கள். குனிந்து உள்ளே போனாள். மரத்தூள் வாசனை அப்படியேதான் இருந்தது. இழைப்பு மேஜைக்குப் பக்கத்தில் ஒரு தையல் இயந்திரம் புதிதாக வந்திருந்தது. கணவரைக் கண்ணெதிரே வைத்துக் கொள்ள, அவர் மனைவி தன் தையலை மேலேயிருந்து கீழே இறக்கிவிட்டிருந்தாள். தச்சர் இடது கையில் உப்புத்தாளை வைத்து ஒரு பலகையைத் தேய்த்துக் கொண்டிருந்தார். தேய்த்துத் தேய்த்து அது கண்ணாடி மாதிரி ஆகிவிட்டிருந்தது. அதை வைத்து ஒன்றும் செய்யப் போவதில்லை என்று பார்த்தாலே தெரிந்தது.

"வா...ங்க அண்ணி" என்றார்.

அவர் மனைவி தையல் ஓரம் முடியும்வரை இயந்திரத்தை நிறுத்தவில்லை. முடித்து, நூலை வெட்டிவிட்டு, ஒரு முக்காலியை நகர்த்திப் போட்டாள். பல்லக்கா சுற்றி வளைக்காமல் கேடயத்தைப் பற்றிச் சொன்னாள்.

"கேடயம் எதுக்குக்கா? விழுந்ததுக்கா?"

பல்லக்கா கைபேசியைப் பைக்குள் போட்டாள்.

தச்சர் பலகையைக் கீழே வைத்தார். ஏதோ சொல்ல வாயெடுத்தார். சொல் ஒவ்வொன்றும் பாறையைப் பெயர்ப்பது போல வந்தது.

"அண்ணே... வரலையா?"

வரவில்லை என்று பல்லக்கா தலையசைத்தாள். அவர் முகம் வாடியதைப் பார்த்து அவளுக்குத் திகைப்பாக இருந்தது. தராசின் பேரைச் சொன்னாலே இந்த வீட்டில் அனல் பறக்கும் என்று நினைத்துக் கொண்டு வந்திருந்தாள்.

மனைவிதான் விளக்கினாள். அவருக்கு அந்த நாளே நினைவில் இல்லை. முந்தின நாள் யாரோ ஒருவர் வீட்டுக் கதவுக்குத் தான் கீல் மாட்டியது ஞாபகமிருக்கிறது. அப்புறம் ஆஸ்பத்திரிக் கூரை. நடுவில் ஒன்றுமில்லை, துடைத்துவிட்ட மாதிரி. பேச்சு திரும்பிய நாளிலிருந்து வருகிறவர் போகிறவரிடமெல்லாம் அதையே கேட்டுக் கொண்டிருக்கிறார். ஓட்டுநர் தனக்குத் தெரிந்ததைச் சொன்னார். அவருக்குத் தெரிந்தது உதைத்த கால் மட்டும்தான். யாரோ எடுத்த வீடியோவும் வந்தது. அதில் இவருடைய முதுகுதான் தெரிகிறது. எழுந்து நிற்கிறார், கையைத் தூக்குகிறார், நடுவரிடம் ஏதோ சொல்கிறார். என்ன சொன்னார் என்று தெரியவில்லை.

"நீ பார்க்கலையாம்மா?" என்று பல்லக்கா கேட்டாள்.

"இவர் ஆட்டத்தை நான் என்னிக்குக்கா பார்த்திருக்கேன்? மண்டபத்து வாசல்லதான் நின்னேன்."

தச்சர் மறுபடி பேசினார். "நான் பேசினது... எனக்கே தெரியல... அண்ணி. அண்ணனுக்குத்தான்... தெரியும்."

அன்று சாயங்காலம் தராசு வேலையிலிருந்து வந்து, கை கழுவும் தொட்டியில் விரலிடுக்கில் படிந்த கிரீஸைத் தேய்த்துக் கழுவிக் கொண்டிருந்தார். பல்லக்கா பக்கத்தில் நின்றபடியே விஷயத்தைச் சொன்னாள். அவர் கழுவுவதை நிறுத்தவில்லை.

"திட்டக் கூப்பிடறாங்களா?"

"திட்டினா உங்களுக்கு நல்லா இருக்கும்ல? அதுக்குக் கூப்பிடலை. கேக்கறதுக்குக் கூப்பிடறாங்க."

அவர் குழாயை மூடினார். ஈரக் கையோடு அப்படியே நின்றார். கிரீஸ் போய் ரொம்ப நேரமாகியிருந்தது.

அடுத்த விடுமுறை நாளில் இருவரும் போனார்கள். ஷட்டர் இந்தத் தடவை முழுக்கத் தூக்கியிருந்தது. தராசு தச்சருக்கு எதிரே முக்காலியில் உட்கார்ந்தார். எப்படி இருக்கிறாய் என்று கேட்கவில்லை. கண்ணாலேயே தெரிந்தது. தொண்டையைச் செருமிக் கொண்டு ஆரம்பித்தார். காலையில் தச்சர் வந்ததும் வாசலில் டீ குடித்ததும், முதல் ஆட்டத்தில் எப்படி ஜெயித்தார் என்பதும், அரையிறுதியில் கால் பெருவிரலில் நகம் பெயர்ந்து துணி சுற்றிக் கொண்டதும், எல்லாவற்றையும் வரிசையாகச் சொன்னார். ஒரு நாளைத் தொலைத்தவனுக்கு அந்த நாளைத் துண்டு துண்டாக எடுத்துக் கொடுப்பது போலிருந்தது. தச்சர் கண் கொட்டாமல் கேட்டார். தையல் இயந்திரம் நின்று போயிருந்தது.

இறுதி ஆட்டத்துக்கு வந்ததும் தராசின் குரல் இறங்கியது.

"அஞ்சு எண்ணும்போதே எந்திரிச்சுட்டே. ஏழுல ரெண்டு கையும் தூக்கிட்டே. நான் உன் கண்ணைத்தான் பார்த்தேன். மங்கி இருந்தா விட்டிருக்க மாட்டேன். கண்ணு தெளிவா இருந்துச்சுப்பா. என்னைப் பார்த்துச் சிரிச்சே."

"என்ன... சொன்னேன்?"

"'லாரி மோதிருச்சுண்ணே, ஆனா நம்பரைப் பார்த்துட்டேன்'னு சொன்னே."

தச்சரின் முகத்தில் இடது பாதி மட்டும் சிரித்தது. அந்தச் சிரிப்பு முடிவதற்குள் கண்ணீர் வந்துவிட்டது. அவர் மனைவி மடியில் கிடந்த திரைச்சீலைத் துணியை எடுத்து வாயில் அழுத்திக் கொண்டாள்.

"அவர் பேச்சுதான்" என்றாள், துணிக்குள்ளிருந்து. "அவர் பேசற பேச்சேதான்."

சரளமாக, தடுக்காமல், அவர் கடைசியாகச் சொன்ன வாக்கியம் அதுதான் என்று பல்லக்காவுக்கு அப்போதுதான் உறைத்தது. ஓராண்டாக அதைத் தன் கணவர் ஒருவராகவே சுமந்துகொண்டு லிஃப்ட் லிஃப்டாக ஏறி இறங்கியிருக்கிறார். சிரிப்பு வருகிற வாக்கியம். அதை யாரிடம் போய்ச் சொல்வது?

தராசு இன்னும் முடிக்கவில்லை. குனிந்து தன் உள்ளங்கைகளைப் பார்த்தபடி பேசினார்.

"தப்புப் பண்ணிட்டேன்னு சொல்லலாம்னு எத்தனையோ நாள் கிளம்பியிருக்கேன். ஆனா அப்படிச் சொன்னா அது பொய். இன்னிக்கு நீ அதே மாதிரி எந்திரிச்சு, அதே மாதிரி சிரிச்சா, நான் மறுபடியும் கெசொக்னுதான் சொல்லுவேன். தலைக்குள்ள ரத்தம் கசியறவன் வேடிக்கை பேசுவான்னு எனக்கு எப்படித் தெரியும்? அதான்ப்பா எனக்குப் பயம். என்னால இனி அங்க நிக்க முடியாது."

தச்சர் இடது கையை நீட்டி அவர் முழங்காலில் வைத்தார். வைத்தார் என்பதைவிட, அந்தக் கை அங்கே விழுந்தது. எடுக்கவில்லை.

அவர் மனைவி துணியை மடித்து மேஜைமேல் வைத்தாள். அவளுடைய குரல் பழையபடி சமமாகிவிட்டிருந்தது.

"அப்ப உங்க கண்ணை நம்பி விடக் கூடாதுல்ல" என்றாள். "தலையில அடிபட்டு விழுந்தா ஆட்டம் அங்கேயே முடிஞ்சுரணும். எந்திரிச்சாலும் சரி, சிரிச்சாலும் சரி. கேடயம் வேண்டாம்னு சொல்லுங்க அக்கா. இதைச் செய்யச் சொல்லுங்க."

பல்லக்கா அதைக் குழுவில் சொன்னபோது எண்ணெயில் கடுகு விழுந்தது போலாயிற்று. சம்மேளனத்திலேயே பெரிய கூடத்தின் பயிற்சியாளர்தான் அதிகம் பேசினார். ஆண்டு முழுக்க வியர்வை சிந்திப் பயிற்சி எடுத்தவன் ஒரு தட்டலில் வீட்டுக்குப் போவதா, குருட்டு அதிர்ஷ்டத்தில் ஜெயிக்கிறவனுக்குப் பேர் சாம்பியனா, நனைய வேண்டாமென்றால் ஆற்றில் இறங்குவானேன் என்று கேட்டார். அவர் கேட்டதிலும் நியாயம் இல்லாமலில்லை. தலைவர் இரு பக்கமும் தலையாட்டிக் கொண்டிருந்தார். வேண்டுமானால் ஒரு டாக்டரைப் பக்கத்தில் உட்கார வைக்கலாம் என்றார். அடிபட்டதுமே வெளியே தெரியாததை டாக்டர் மட்டும் எப்படிக் கண்டுபிடிப்பார் என்று பல்லக்கா கேட்டாள்.

இழுபறியாகி அடுத்த கூட்டத்துக்குத் தள்ளிப் போட்டார்கள். அந்தக் கூட்டத்துக்குத் தச்சரே வந்தார். தராசு அவரைக் கைத்தாங்கலாக அழைத்து வந்து நாற்காலியில் உட்கார வைத்தார். தச்சர் பேச ஆரம்பித்தார். ஒரே ஒரு வாக்கியம்தான். நான் நன்றாக இருப்பதாகத்தான் நானும் நினைத்தேன் என்பது. அந்த வாக்கியம் முடிய வெகுநேரம் பிடித்தது. நடுவில் ஒரு சொல் வராமல் நின்றுவிட்டது. பெரிய கூடத்துப் பயிற்சியாளர் அந்தச் சொல்லை எடுத்துக் கொடுக்க வாய் திறந்தார். தச்சர் வேண்டாமென்று கையைக் காட்டினார். தானாகவே தேடி எடுத்துச் சொல்லி முடித்தார். அதுவரை அறையில் எல்லோரும் காத்திருந்தார்கள்.

புது விதி நிறைவேறியது. எல்லோரும் கை தூக்கவில்லை, போதுமான பேர் தூக்கினார்கள். பயிற்சியாளர் தூக்கவில்லை. ஆனால் எழுந்தும் போகவில்லை.

விதி வந்துவிட்டது, அதை நடத்திக் காட்ட ஆள்தான் இல்லை. நடுவர்கள் ஒவ்வொருவராகக் கழன்று கொண்டார்கள். முதல் ஆட்டத்தை நிறுத்துகிறவன் தலையில்தான் எல்லா வசவும் விழும் என்று அவர்களுக்குத் தெரியும். முன்பு பிடிவாதம் பிடித்த தலைவரே இப்போது தராசைக் கேட்கத் தயங்கினார். தராசு தானாகவே அலமாரியைத் திறந்து உடுப்பை எடுத்து, இடுப்புப் பட்டன் இறுக்கமாகிவிட்டதென்று பல்லக்காவிடம் கொடுத்தார். அவள் பட்டனை நகர்த்தித் தைத்துக் கொடுத்தாள். மாதச் செய்தியில் புது விதியை முதலில் போட்டாள். தலைமை நடுவர் யார் என்பதைக் கடைசியில் போட்டாள்.

போட்டிக்கு வழக்கமான கூட்டம் இல்லை. சில கூடங்கள் வரவே இல்லை. தச்சரும் அவர் மனைவியும் பார்வையாளர் வரிசையில் மற்றவர்களோடு உட்கார்ந்திருந்தார்கள். மேடையில் கேடயமும் இல்லை, பேச்சும் இல்லை. மதியம்வரை ஒரு வம்பும் இல்லாமல் நடந்தது.

பெண்கள் இறுதி ஆட்டத்தில் பெரிய கூடத்தைச் சேர்ந்த ஒரு செவிலி ஆடினாள். ஆஸ்பத்திரியில் வேலை நேரத்தை மாற்றி மாற்றி வாங்கிக்கொண்டு வந்து பயிற்சி எடுத்தவள். வயது வரம்பால் அவளுக்கு அதுவே கடைசி ஆண்டு. எதிரே ஆடியவள் கல்லூரி மாணவி. செவிலி புள்ளிகளில் எட்டாத உயரத்தில் இருந்தாள். ஆட்டம் முடியப் போகிற சமயத்தில் மாணவி குருட்டாம்போக்கில் சுழற்றிய கால் அவள் நெற்றியோரம் பட்டது. செவிலி விழுந்தாள். விழுந்த வேகத்திலேயே துள்ளி எழுந்து, இரண்டு கைகளையும் உயர்த்தினாள். அவள் கூடத்தார் கைதட்டி ஆர்ப்பரித்தார்கள்.

தராசு "கல்யோ" என்றார். எண்ணவில்லை. கைகளைக் குறுக்கே வைத்து, ஆட்டம் முடிந்தது என்று காட்டினார்.

மண்டபத்தில் முதலில் யாருக்கும் புரியவில்லை. புரிந்ததும் கூச்சல் எழுந்தது.

"சார், நான் நல்லாத்தான் இருக்கேன்" என்றாள் செவிலி. "நான் நர்ஸு. எனக்குத் தெரியாதா?"

"நல்லாத்தாம்மா இருக்கே. நல்லா இருக்கும்போதே வீட்டுக்குப் போ."

அவள் அவரை நம்ப முடியாமல் பார்த்தாள். தலைக்கவசத்தைக் கழற்றி விரிப்பின்மேல் விட்டெறிந்தாள். ஆட்டம் முடிந்தால் எதிராளிக்கும் நடுவருக்கும் தலை குனிந்து வணங்குவது அந்தக் கலையில் எழுதப்படாத விதி. அவள் வணங்காமலே போனாள். ஜெயித்தவள் என்று தராசு கையைத் தூக்கிவிட்ட மாணவியும் அழுது கொண்டுதான் நின்றாள். அவளுக்கும் அந்த வெற்றி கசந்தது. பின்வரிசையிலிருந்து யாரோ ஒரு தண்ணீர்ப் பாட்டிலை வீசினார்கள். தராசு குனிந்து அதை எடுத்து விரிப்புக்கு வெளியே வைத்துவிட்டு, அடுத்த ஆட்டக்காரர்களைக் கூப்பிட்டார்.

அதனால் என்னென்ன விளைந்தது என்பதையும் சொல்லிவிட வேண்டும். செவிலியை ஆஸ்பத்திரியில் பரிசோதித்தார்கள். அவளுக்கு ஒன்றுமே இல்லை. தொடர்ந்து ஆடியிருந்தால் நிச்சயம் ஜெயித்திருப்பாள். அந்த மாதச் செய்தியை எழுதுமுன் பல்லக்கா அவளைக் கூப்பிட்டு, எப்படி எழுதட்டும் என்று கேட்டாள். "எனக்கு ஒண்ணும் இல்லைன்னு எழுதுங்க. பெருசா எழுதுங்க" என்று சொல்லிவிட்டு அவள் வைத்துவிட்டாள். பல்லக்கா அப்படியே எழுதினாள்: ஆட்டம் புது விதிப்படி நிறுத்தப்பட்டது, நிறுத்தியபோது செவிலி முன்னணியில் இருந்தார், அவருக்கு எந்தக் காயமும் இல்லை. பெரிய கூடம் சம்மேளனத்தை விட்டு விலகித் தனியாகப் போட்டி நடத்த ஆரம்பித்தது. செவிலி அதற்கப்புறம் தராசைத் தெருவில் பார்த்தால்கூட முகத்தைத் திருப்பிக் கொள்வாள். அவர் அதற்கு வருத்தப்பட்டதுண்டு. நிறுத்தியதற்கு ஒரு நாளும் வருத்தப்பட்டதில்லை. விதி நிலைத்தது.

போட்டி முடிந்த அன்று சாயங்காலம் ஓட்டுநர் எங்கிருந்தோ ஒரு வேனை ஏற்பாடு செய்து கொண்டு வந்தார். உள்ளே வந்து பார்க்க மனமில்லாமல் வெளியிலேயே காத்திருந்திருக்கிறார். தராசும் தச்சரும் அவரோடு முன்னால் ஏறிக்கொண்டார்கள். வழியில் தச்சர் எதையோ சொல்லத் தொடங்க, மற்ற இரண்டு பேரும் அவர் முடிக்கும்வரை காத்திருப்பதும், முடித்தபின் ஓட்டுநர் ஸ்டியரிங்கைத் தட்டிச் சிரிப்பதும் பின்னாலிருந்தே தெரிந்தது. என்ன வேடிக்கை என்று பல்லக்காவுக்குச் சரியாகக் காதில் விழவில்லை.

பின் இருக்கையில் தச்சரின் மனைவி அவள் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். மறுநாள் கொடுக்க வேண்டிய திரைச்சீலை ஒன்று பாக்கி இருக்கிறது என்று ஏதோ சொல்லிக் கொண்டே வந்தவள், பாதிப் பேச்சில் பல்லக்காவின் தோளில் சாய்ந்து தூங்கிவிட்டாள். சாலை குண்டும் குழியுமாக இருந்தது. வேன் தூக்கித் தூக்கிப் போட்டது. அவள் எழவில்லை. ஓராண்டுத் தூக்கம் அது என்று பல்லக்காவுக்குத் தோன்றியது. தோள் மரத்துப் போய்விட்டது. ஜன்னல் பக்கம் கொஞ்சம் நகர்ந்தால் சரியாகிவிடும். அவள் நகரவில்லை. முன் கண்ணாடியில் கண் பட்டபோது, மெதுவாக ஓட்டச் சொல்லி மட்டும் ஓட்டுநரிடம் சைகை காட்டினாள்.